பத்துப் பொட்டலத்தில் ஏழு சிவப்பு

மேல மழை இருக்குமான்னு கேட்டீங்க பாருங்க அக்கா, அந்தக் கேள்வியை இந்த பஸ்ஸுல வேற யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. டிரைவர்கிட்ட கேளுங்க. முன் சீட்டுல பாலிதீன் பையை விரிச்சு வெச்சுக்கிட்டு முதல் வளைவுக்குக் காத்திருக்காரே, அவர்கிட்ட கேளுங்க. என்கிட்ட மட்டும் வேண்டாம். கோபம் எல்லாம் இல்லை. என் குரலே இப்படித்தான்.

குடை கொண்டு வந்திருக்கீங்கல்ல? அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?

பூ வாசனையா? என் பைதான். சம்பங்கி. கொஞ்சம் செவ்வரளியும் இருக்கு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வாங்கினேன். கோயிலுக்கு இல்லை. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

தெரியாததனால சொல்ல மாட்டேங்கறேன்னு நினைச்சுடாதீங்க. நான் படிக்கிறதே அதுதான். மதுரையில எம்.எஸ்ஸி. புவியியல், கடைசி வருஷம். ஐப்பசி பாதியிலிருந்து மார்கழி முடிய மலைப் பள்ளத்தாக்குகள்ல மழை, பனி எப்படி இருக்கும்னு முன்கூட்டியே கணிக்கிறதுதான் என் ஆய்வு. அதுவும் எங்க ஊர்ப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கிட்டுப் பண்றேன். என் பேர் அங்கயற்கண்ணி. ஊர்ல கண்ணி. ஊர் நாச்சிப்பள்ளம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கொடைக்கானல்ல நீங்க இறங்கினதுக்கு அப்புறம் நான் இன்னொரு பஸ் பிடிச்சு, அது இதுக்கு மேல ரோடு இல்லைன்னு நிக்கிற வரைக்கும் போகணும். அங்க இருக்கு.

சட்டி மாதிரி ஊர். சுத்தி மலை, நடுவுல பள்ளம். பள்ளத்தோட அடியில இருக்கிற நிலத்துக்கு அடிக்காடுன்னு பேர். எங்க பெய்யற மழையும் அங்க வந்துதான் ஓடைக்குப் போகணும். ஓடை நிறைஞ்சா அங்கேயே நின்னுடும். அடிக்காட்டுல எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு உண்டு. மத்தவங்களுக்கு மேல கேரட் வயல், பூண்டு வயல்னு வேறயும் இருக்கு. எங்களுக்கு அடிக்காடு மட்டும்தான். இதை நினைவு வெச்சுக்குங்க.

ஐப்பசி கடைசியில அடிக்காடு முழுக்க உருளைக்கிழங்கு. செடி காய்ஞ்சு படுத்திருக்கும். அப்பவே தோண்டலாம். ஆனா தோல் பிஞ்சுத் தோலா இருக்கும். மூட்டையில போட்டு ஏத்தினா உரிஞ்சு, மண்டிக்குப் போய்ச் சேரும்போது சொறி பிடிச்ச மாதிரி நிக்கும், எவனும் கை வைக்க மாட்டான். ரெண்டு வாரம் மண்ணுக்குள்ளயே விட்டா தோல் முத்தும். ஆனா அந்த ரெண்டு வாரத்துல பெருமழை பெய்தா மண்ணுக்குள்ளயே அழுகிடும். தோண்டவா, விடவா? வருஷா வருஷம் இதுதான் கேள்வி.

இதை எப்படி முடிவு பண்ணுவாங்க தெரியுமா? பூக்கட்டிப் பார்ப்பாங்க.

சிரிக்கலையா நீங்க? உங்க ஊர்லயும் உண்டா? சரிதான். எங்க ஊர்ல நாச்சி கோயில் முன்னாடி வாழையிலைக் கிழிசல்ல ரெண்டு பொட்டலம் கட்டுவாங்க. ஒண்ணுல செவ்வரளி, ஒண்ணுல சம்பங்கி. வெள்ளை வந்தா கிழங்கை விடு. சிவப்பு வந்தா தோண்டு. எடுக்கிற ஆளுக்கு அடிக்காட்டுல பங்கு இருக்கக் கூடாது. அசலூர் ஆளா இருக்கணும். அதனால ராத்திரி வண்டி ஊர்ல தங்குறப்ப வர்ற கண்டக்டர்தான் எடுப்பார். ஜோதிராமன்னு பேர், உத்தமபாளையத்துக்காரர். அவருக்கு அடிக்காடு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. கையைக் கழுவிட்டு வருவார், ஒண்ணை எடுப்பார், டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கிற மாதிரி நீட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவார். அந்தச் சீட்டுக்கு மொத்த ஊரும் கட்டுப்படும். நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊர் நியாயம்?

இந்த வருஷம் இதை விடக்கூடாதுன்னு நான் தீபாவளி லீவுக்கு வந்தேன். ஆய்வோட முடிவையும் எடுத்துட்டு வந்தேன். மந்தையில எல்லாரையும் கூட்டச் சொன்னேன். வந்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். கோயில் பூசாரி வெள்ளையன் மாமாவே முன்னாடி வந்து உட்கார்ந்தார். எங்க அப்பா குப்பாண்டி கடைசியில ஒரு கல்லு மேல உட்கார்ந்தார். அவர் அதிகம் பேச மாட்டார். நான் யார் மாதிரின்னு எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் பிடிபடலை.

வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வு உருவாகுது, காற்று இப்படித் திரும்புது, அடிக்காட்டுல பெருமழைக்குப் பத்துக்கு ஏழு வாய்ப்புன்னு சொன்னேன். அப்ப மழை வரும்னு ஒருத்தர் சொன்னார். அப்படிச் சொல்லலை, மூணு வாய்ப்பு வராமலும் போகலாம்னேன். அப்ப வராதுன்னார். குச்சியை எடுத்து மண்ணுல பத்துக் கோடு போட்டு, ஏழை இந்தப் பக்கம் மூணை அந்தப் பக்கம் பிரிச்சுக் காட்டினேன். நல்லா பார்த்தாங்க. பார்த்துட்டு, கோடெல்லாம் இருக்கட்டும் பாப்பா, கிழங்கைத் தோண்டவா வேணாமான்னு வெள்ளையன் மாமா கேட்டார்.

அது உங்க முடிவுன்னேன். வாய்ப்பைச் சொல்றது எங்க வேலை, முடிவு எடுக்கிறது விவசாயி வேலைன்னேன்.

இதுல என்ன தப்பு அக்கா? முதல் நாள் வகுப்புல எங்க பேராசிரியர் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் இது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, அப்ப நீ எதுக்குடி வந்தேன்னு கேட்டாங்க. தீபாவளிக்கு வந்தேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

ஆனா அதுக்கு முன்னாடி மந்தையிலயே ஒண்ணு நடந்து போச்சு. எங்க அத்தை மகன் ஒருத்தன் இருக்கான், காசிமாயன்னு. ஜீப் ஓட்டுறான். நான் எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு வால் கட்டிவிடுறதுதான் அவன் தொழில். அவன் எழுந்து, "மாமா, பத்துப் பொட்டலம் கட்டிருங்க. ஏழுல சிவப்பு, மூணுல வெள்ளை. கண்ணி கணக்கும் நின்ன மாதிரி ஆச்சு, நாச்சி வாக்கும் நின்ன மாதிரி ஆச்சு"ன்னான்.

என்னை மட்டம் தட்டத்தான் சொன்னான். ஆனா ஊர் அதைப் பிடிச்சுக்கிச்சு. வெள்ளையன் மாமா முகத்தைப் பார்க்கணுமே, இத்தனை வருஷமா இது நமக்குத் தோணாமப் போச்சேங்கிற மாதிரி. ஊர்ப் பொண்ணு படிச்சுட்டு வந்து சொல்லுது, அதைத் தள்ளக் கூடாது, கட்டிருவோம்னுட்டார். நான் கத்தினேன். இது என் உழைப்பைக் கேலி பண்றதுன்னேன். வாய்ப்புன்னா என்னன்னே உங்களுக்குப் புரியலைன்னேன். இப்பவும் சொல்றேன், புரியலை. ஏழு சிவப்பு மூணு வெள்ளையைக் கலந்து, கண்ணை மூடி ஒண்ணை எடுக்கிறதுக்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம்?

இருங்க, வண்டி நிக்குது. ஊத்து ஸ்டாப் வந்துடுச்சு. இங்க டீ நல்லா இருக்கும், இறங்கிக் குடிச்சுட்டு வாங்க. நான் வரலை. எனக்கு இங்க ஒரு சின்ன வேலை இருக்கு. உங்க சீட்டைப் பார்த்துக்கிறேன்.

வந்துட்டீங்களா? சுடச்சுட இருந்துச்சா? எங்க விட்டேன்? ஆங், பொட்டலம்.

அன்னிக்கு வண்டி வந்துச்சு. ஜோதிராமன் அண்ணன் கையைக் கழுவிட்டு வந்தார். ரெண்டுக்குப் பதிலா பத்து இருக்கிறதைப் பார்த்து, என்ன, இந்த வருஷம் கூட்டம் அதிகமான்னு கேட்டுட்டு ஒண்ணை எடுத்தார்.

வெள்ளை.

பத்துல மூணுதான் வெள்ளை. அதுல ஒண்ணு வந்துச்சு. ஊர் சரின்னு கலைய ஆரம்பிச்சது. நான் நடுவுல போய் நின்னேன். ஒரு தடவை எடுத்தா அதுக்கு ஒரு மதிப்பும் இல்லை, நூறு தடவை எடுத்துப் பாருங்க, எழுபது தடவை சிவப்புதான் வரும்னேன். நூறு தடவை எடுக்கணும்னா நான் காலையில வண்டி எடுக்க வேணாமான்னு ஜோதிராமன் அண்ணன் கேட்டார். வெள்ளையன் மாமா பொறுமையா, "மழை நூறு தடவை வந்து பார்க்காது பாப்பா. ஒரு தடவைதானே வரும், இல்லைன்னா வராது"ன்னார்.

பதில் இருந்துச்சு என்கிட்ட. நிறைய இருந்துச்சு. ஆனா காசிமாயன் அந்தப் பக்கம் நின்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புதான். பெருமழை வரும், கிழங்கு அழுகும், பார்த்துக்கிட்டே இருங்கன்னுட்டேன்.

பத்துக்கு ஏழு இல்லையான்னு கேட்டான்.

பத்துக்குப் பத்துன்னேன்.

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது அக்கா. விவாதம்னா அப்படித்தான் சொல்லணும். எதிராளி நமக்கு நேரா நின்னு சிரிக்கும்போது ஏழு, மூணுன்னு நிறுத்துச் சொல்லிட்டு இருக்க முடியாது.

மறுநாள் எங்க காட்டைத் தோண்டணும்னு அப்பாகிட்ட சொன்னேன். பூ எடுத்தப்புறம் எந்த வீடும் ஊரை மீறித் தோண்டினதில்லை. நீ சொல்றியான்னு கேட்டார். ஆமான்னேன். சரின்னுட்டு மண்வெட்டியை எடுத்தார். அவ்வளவுதான். அப்பாகிட்ட விவாதமே பண்ண முடியாது.

விடிஞ்சு போனா காசிமாயன் எங்க காட்டு வரப்புல நிக்கிறான், களைக்கொத்தோட. வேடிக்கை பார்க்க வந்தியான்னேன். ஆமான்னான். நாள் பூரா வேடிக்கை பார்த்தான், பாதிக் காட்டைத் தோண்டிக்கிட்டே. தோல் உரியாம இருக்கணும்னு ஒவ்வொரு கிழங்கையும் வைக்கோல்ல முட்டை வைக்கிற மாதிரி வெச்சான். எவ்வளவு நக்கல் பாருங்க. மதியம் எங்க அம்மா கொடுத்த கஞ்சியைக் குடிச்சுட்டு, மழை வந்தா எங்க காட்டுல அழுகினதை அள்ள நீ வரணும்னான். வருவேன், எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டுவேன்னேன். அதுக்கும் சிரிச்சான். ஜீப்புல மூட்டையை ஏத்தினதுக்கு வாடகையும் வாங்கலை. நம்மளைக் கடனாளியா வெச்சுக்கிறதுல சிலருக்கு ஒரு ஆனந்தம்.

அப்புறம் மேகம் வந்துச்சு. நாலாபக்கமும் கருத்து, மலை தெரியலை. நான் வாசலை விட்டு நகரலை. சந்தோஷப்பட்டேன்னு நினைக்காதீங்க. ஊர்க் கிழங்கு அழுகணும்னு யாராவது வேண்டுவாங்களா? வேண்டலை. வானத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதான். மேகம் வடக்கே லேசா நகர்ந்தப்ப, டேய் டேய்னு என் வாயில வந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. எனக்கு நினைவில்லை.

மழை பெய்யலைன்னு யாரும் சொல்ல முடியாது. பெய்தது. இதோ இந்தப் பக்கம், பெருமாள்மலைச் சரிவுல பெய்ஞ்சு தள்ளிச்சு. நடுவுல ரெண்டு முகடு. வங்கக்கடல்ல இருந்து அத்தனை தூரம் கிளம்பி வந்த மழை கடைசி ரெண்டு முகட்டைத் தாண்டலைன்னா, அதை என் கணிப்போட தப்புன்னு சொல்ல முடியுமா? நாச்சிப்பள்ளத்துல மட்டும் சுள்ளுன்னு வெயில். ரெண்டு வாரமும் வெயில். கிழங்குக்குன்னே அளந்து அடிச்ச வெயில்.

ஊர்க் கிழங்கு தேய்ச்சு வெச்ச பித்தளைச் சொம்பு மாதிரி வெளிய வந்துச்சு. எங்க கிழங்கை மண்டியில ஓரமா ஒதுக்கி வெச்சாங்களாம். விக்காத மூட்டையை அப்பா திருப்பிக் கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க எங்க வீட்டுல உருளைக்கிழங்கு மட்டும்தான் குழம்பு, பொரியல், எல்லாம். அதையும் நான் குத்தலா எடுத்துக்கலை.

இப்பதான் அக்கா என் வழக்கே ஆரம்பிக்குது. ஊர் என்னைக் கேலி பண்ணும்னு காத்திருந்தேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன். ஒருத்தரும் கேலி பண்ணலை. குழாயடியில, டீக்கடையில, எல்லாரும் ஒரே பேச்சு. பாப்பா சரியாத்தான் சொல்லுச்சு, மூணு வெள்ளை இருக்குன்னு அதுதானே முன்னாடியே சொல்லுச்சுங்கறாங்க.

புரியுதா உங்களுக்கு? எனக்கு அவங்க தோத்துப் போன மரியாதைகூடக் கொடுக்கலை. கார்த்திகைத் தீபத்தன்னிக்கு நாச்சி கோயில்ல வெள்ளையன் மாமா முதல் சந்தனத்தை எனக்குக் கொடுத்தார். இனிமே வருஷா வருஷம் எத்தனை சிவப்பு எத்தனை வெள்ளைன்னு நீதான் சொல்லணும்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். நான் மறுத்தேன். நான் சரிதான், ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காகச் சரி இல்லைன்னு எடுத்துச் சொன்னேன். சந்தனம் காயுது பாப்பா, பூசிக்கன்னார்.

இந்த அறியாமையை எங்க பேராசிரியர்கிட்ட போய்ச் சொன்னேன், உதாரணத்துக்கு. அவர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். சிரிச்சுட்டு, நாற்பது வருஷமா நான் வகுப்பெடுக்கிறேன், பத்துக்கு ஏழுன்னா என்னன்னு உங்க ஊர் ஒரு சாயங்காலத்துல புரிஞ்சுக்கிச்சே அம்மான்னார். ஒரு பீரியட் முழுக்க அவர்கிட்ட வாதாடினேன். இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்லை. நான் பேசறேன். அவர்தான் பேசறதில்லை.

குளிருதா? ஜன்னலை ஏத்திக்கலாம். மேகமே இல்லை பாருங்க, அதான் இந்தக் குளிர். நீங்க கேட்ட மழையை இப்ப யாரும் கேட்கலை. இப்பக் கேள்வி பனி.

வானம் சுத்தமா இருந்தா ராத்திரி குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி சரிவுல இறங்கி, சட்டியோட அடியில போய்த் தேங்கும். தேங்கினா விடியும்போது அடிக்காடு வெள்ளை வெளேர்னு உறைஞ்சு கிடக்கும். அதுல பீன்ஸ் செடி இருந்தா கொதிக்கிற தண்ணியை ஊத்தின மாதிரி கருகிடும். அதனால தை பிறக்காம அடிக்காட்டுல யாரும் பீன்ஸ் போட மாட்டாங்க. ஆனா போன வாரம் அப்பா போன் பண்ணினார். நம்ம காடு சும்மா கிடக்கு, முதல்ல தோண்டினது நாமதானே. விதை வாங்கி வெச்சிருக்கேன். இப்பப் போட்டு, பனி விழாமப் போனா, மலையில யார்கிட்டயும் பீன்ஸ் இல்லாதப்ப நம்மகிட்ட இருக்கும். கிழங்குல போனது திரும்பிடும். விழுந்தா விதையும் போச்சு. உன் படிப்புல என்ன சொல்லுதுன்னு கேட்டார். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

உறைபனிக்குப் பத்துக்கு நாலு வாய்ப்புன்னேன்.

போடவா, வேணாமான்னார்.

நான் அந்த வாக்கியத்தை ஆரம்பிச்சேன், அப்பா, முடிவு எடுக்கிறது...ன்னு. அவர் குறுக்கே வந்தார். என்னைக்கும் குறுக்கே பேசாதவர்.

"கிழங்குக்கு நீதானே சொன்ன. இதுக்கும் நீயே சொல்லு. நீ சொன்னா போடறேன்"னு போனை வெச்சுட்டார்.

குத்திக் காட்டலை. அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. நிஜமாவே கேட்கிறார். ஒத்தை வீட்டுக் காட்டுக்கு நாச்சி கோயில்ல பூக்கட்டவும் மாட்டாங்க, ஊர்க் காரியத்துக்கு மட்டும்தான். ஒரு வாரமா நானும் எல்லாக் கணக்கையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன். நாலு, நாலாவேதான் நிக்குது. மூணா ஆயிடக்கூடாதா, போடுங்கன்னு சொல்லிடலாம். ஆறா ஆகிடக்கூடாதா, வேண்டாம்னுடலாம். இந்த நாலை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷி என்ன பண்ணுவா?

அதனாலதான் நேர்ல போறேன். இன்னிக்குச் சாயங்காலம் வாசல்ல நிப்பார், விதைப் பையோட.

வெள்ளி அருவி தாண்டிடுச்சா? அப்ப நீங்க இறங்க அதிக நேரமில்லை. அக்கா, ஒரு உதவி. நீங்க டீ குடிக்கப் போனப்ப கட்டினேன். பத்துப் பொட்டலம். நாலு சிவப்பு, ஆறு வெள்ளை. வெள்ளைன்னா விதை போடலாம். இலை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, உத்துப் பார்க்காதீங்க. நீங்க அசலூர், எங்க காட்டுல உங்களுக்குப் பங்கு கிடையாது, அடிக்காடு எந்தப் பக்கம்னு இன்னும் தெரியாது. இதுல எனக்கு நம்பிக்கை எல்லாம் கிடையாது. இது ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். கையை மட்டும் ஒரு தடவை துடைச்சுக்குங்க.

எடுத்தாச்சா?

பிரிக்காதீங்க. கொடுங்க இப்படி. வீட்டுல அப்பா பிரிச்சுக்கட்டும். முடிவு எடுக்கிறது விவசாயி வேலை.